நாற்பத்தொன்றாம் குழியில் உப்புத் தண்ணீர்

பொலிக்ஸேனிக்கு எலும்பைக் கண்டு பயம் கிடையாது. கிரேக்கத்தில் எங்கள் பெத்ரோலாக்கோ கிராமத்தில் செத்தவர்களை மூன்று வருஷம் மண்ணில் விட்டுவைப்போம், பிறகு எடுத்துவிடுவோம். இருக்கிற கல்லறைத் தோட்டம் ஒரு புகையிலைக் கொல்லை அகலம்தான். எல்லோரும் நிரந்தரமாகப் படுத்துக்கொண்டால் அடுத்து வருகிறவன் எங்கே போவான்? வீட்டுப் பெண்கள் கூடிக் குழியைத் திறந்து, எலும்பை ஒவ்வொன்றாக எடுத்து, சிவப்பு ஒயினில் கழுவி, பெட்டியில் அடுக்கிப் பேர் எழுதி, கோயிலுக்குப் பின்னால் இருக்கிற எலும்பறையில் வைப்பார்கள். அந்த வேலைக்குக் கூப்பிட முதலில் ஆள் போவது பொலிக்ஸேனி வீட்டுக்குத்தான். ஐந்து வயதிலிருந்து புகையிலை இலையை ஊசியில் கோத்த விரல்கள். இலை கிழியாமல் கோக்கத் தெரிந்தவளுக்கு, சுண்டுவிரல் எலும்பு ஒன்றுகூடத் தவறாது. மாமனாரை எடுத்தாள், பெற்றவளை எடுத்தாள், இருபது வருஷம் முகம் கொடுத்துப் பேசாத நாத்தனாரையும் எடுத்தாள். "இப்பவாவது வாயை மூடினியே" என்று சொல்லிக்கொண்டே அந்தத் தாடையைக் கழுவினாள். துக்கத்துக்கு வந்தவர்கள் சிரிப்பை அடக்க முடியாமல் திரும்பி நின்றார்கள்.

அப்படிப்பட்டவள், தன் மகன் ஸ்டெர்யோஸின் குழியைத் திறக்க மட்டும் விடவில்லை. மூன்று வருஷம் ஆகஸ்டிலேயே முடிந்துவிட்டது. புகையிலை முடியட்டும் என்றாள். பிறகு மழை என்றாள். பிறகு புருஷன் ஆர்கிரிஸுக்கு இடுப்பு வலி என்றாள். கடைசியில் தேவாலயத்து லூக்காஸ் சாமியார் பொறுமையிழந்து, அக்டோபர் கடைசியில் வருகிற தெமெத்ரியோஸ் திருநாளுக்கு அடுத்த சனிக்கிழமை என்று நாள் குறித்துவிட்டார்.

காரணம் அவளுக்கு மட்டும்தான் தெரியும். அது ஒரே ஒரு வாக்கியம்.

அன்றைக்கு முற்றத்தில் பறித்த இலை குவியலாகக் கிடந்து வதங்கிக்கொண்டிருந்தது. ஆர்கிரிஸ் இடுப்பைப் பிடித்துக்கொண்டு உள்ளே படுத்திருந்தார். இருபத்திமூன்று வயது மகன் மோட்டார் சைக்கிளை உதைத்துக்கொண்டு, சிநேகிதர்களோடு கடலுக்குப் போகிறேன் என்றான். வெயில், வேலை, நாலு மணிக்கே எழுந்த அசதி, எல்லாமாகச் சேர்ந்து அவள் வாயிலிருந்து அது வந்து விழுந்தது.

"மண்ணு உன்னைத் தின்னாம போக!"

எங்கள் பக்கத்தில் ஒரு தாய் சொல்லக்கூடாத சொல் அது. அடிக்கலாம், சோறு போடாமல் இருக்கலாம், அதைச் சொல்லக்கூடாது. அவன் சிரித்தான். வெயிலிலும் வண்டிக்குப் போடுகிற சிவப்பு ஜாக்கெட்டின் ஜிப்பைக் கழுத்துவரை இழுத்துவிட்டுக்கொண்டு சொன்னான்: "தின்னலேன்னா நல்லதுதானேம்மா. திரும்பி உன்கிட்டயே வந்துடுவேன். கதவைத் தொறந்து வை."

அரைமணி நேரத்தில், பாலத்துத் திருப்பத்தில், தக்காளி லாரி.

ஆர்கிரிஸ் ஆஸ்பத்திரிக்குப் போய், பெட்டியை மூடியேதான் வீட்டுக்குக் கொண்டுவந்தார். அவளுக்கு ஊசி போட்டுப் படுக்க வைத்திருந்ததால் உள்ளே என்ன இருந்தது என்று அவள் பார்க்கவேயில்லை. அன்றிலிருந்து அவளுக்குள் ஒரே கேள்விதான். அவன் கரைந்தானா?

தாயின் சாபம் பட்டவனை மண் ஏற்காது. முடியும் நகமும் தோலுமாக அப்படியே கிடப்பான். பன்னிரண்டு வயதில் அவள் ஒருமுறை பார்த்திருக்கிறாள். குழியைத் திறந்ததும் பெண்கள் அலறிக்கொண்டு ஓடினார்கள். உள்ளே இருந்தவர் முரசுபோல் உப்பி, கருத்து, முழுசாக இருந்தார். அவருடைய தாயார் அதற்குப்பின் உயிரோடு இருந்த நாள்வரை தண்ணீர்க் குழாயில் அந்தத் தாய்க்குப் பின்னால் யாரும் குடம் வைக்கவில்லை. கரையாதவன் எழுந்து நடப்பான் என்றும் சொல்வார்கள். படித்தவர்கள் சிரிப்பார்கள். சிரித்துவிட்டு, கல்லறைத் தோட்டத்துப் பக்கம் போகாமல் சுற்றுவழியில் போவார்கள்.

தெருவில் மோட்டார் சைக்கிள் சத்தம் கேட்டாலே அவளுக்கு ஈரக்குலை நடுங்கும். கையில் இருப்பது கீழே விழும்.

"இவ்வளவு பயந்தா கதவைத் தாழ்ப்பாளாவது போடேன்" என்பார் ஆர்கிரிஸ்.

"காத்து வரட்டும்" என்பாள்.

மூன்று வருஷமாக அந்தக் கதவு தாழிடப்படவில்லை. நடுங்குகிறவள் ஏன் தாழ் போடுவதில்லை என்று அவரும் மேற்கொண்டு கேட்கவில்லை, அவளும் யோசிக்கவில்லை.

வீட்டில் இருக்க முடியாமல்தான் அவள் மேட்டு வேலைக்குப் போனாள். ஊருக்குத் தெற்கே ஒரு பெரிய மண்மேடு உண்டு. ஆடு மேய்ப்போம், பட்டம் விடுவோம். அது பழங்காலத்துக் கிரேக்கப் பிரபு ஒருவனின் சமாதி என்று அரசாங்கத்துக்குத் திடீரென்று ஞாபகம் வந்தது, அந்த வழியாகப் புதுச்சாலை போட வேண்டியிருந்ததால். மேட்டின் நடுவில் இருந்த கல்லறையை எந்தக் காலத்திலோ திருடர்கள் சுத்தமாகத் துடைத்துவிட்டிருந்தார்கள். ஆனால் அதன் அடிவாரத்தைச் சுற்றிலும் சாதாரண ஜனங்களின் குழிகள் வரிசையாகக் கிடந்தன. இரண்டாயிரத்து முந்நூறு வருஷத்துக்கு முந்தைய குடியானவர்கள். அவர்களுக்குத் தங்கமும் இல்லை, திருடர் தொல்லையும் இல்லை.

சாலை வருமுன் மேட்டைத் தோண்டி ஆராய்கிற அந்தத் தொல்லியல் வேலையை நடத்தியவள் ரொடான்தி. தெசலோனிக்கியிலிருந்து வந்தவள், முப்பத்தைந்து வயதிருக்கும், சிகரெட்டும் கோபமும் சற்று ஜாஸ்தி. இரண்டே நாளில் பொலிக்ஸேனியின் கையைப் பார்த்துவிட்டு மண்வெட்டியைப் பிடுங்கிக்கொண்டு தூரிகையைக் கொடுத்தாள்.

"அக்கா, இந்த வேலையை எங்கே கத்துக்கிட்டீங்க?"

"நாத்தனார்கிட்ட, மேடம்."

பக்கத்தில் சல்லடை ஆட்டிக்கொண்டிருந்த சுமேலா விழுந்து விழுந்து சிரித்தாள். அடுத்த வீட்டுக்காரி, நல்ல மனசு, ஓட்டை வாய்.

முதல் வாரத்தில் ஒரு வேடிக்கை நடந்தது. மேட்டின் ஓரத்தில் முழங்கால் ஆழத்தில் ஒரு நைலான் உரமூட்டை அகப்பட்டது. எழுத்துகூட அழியவில்லை. உள்ளே என்னவோ உப்பலாக இருக்கிறது என்று எல்லோரும் தள்ளி நின்றார்கள். ரொடான்தி கிழித்தாள். எவனோ இடையன் புதைத்த நாய். மூட்டை நேற்று வாங்கினதுபோல் இருந்தது, நாயோ வெறும் எலும்பு. "நைலானைத்தான் மண்ணு தொடாது" என்று சொல்லி, மூட்டையைச் சுருட்டி எறிந்துவிட்டு அவள் வேலையைப் பார்க்கப் போனாள்.

சாமியார் குறித்த சனிக்கிழமைக்கு முந்தைய செவ்வாய்க்கிழமை, மேட்டில் நாற்பத்தொன்றாம் குழியைத் திறந்தார்கள்.

பொலிக்ஸேனிதான் உள்ளே குனிந்திருந்தாள். முதலில் ஒரு பாறாங்கல் வந்தது. மேலிருந்து சரிந்த கல் என்று நினைத்தாள். மண்ணை நீக்க நீக்க அது நெஞ்செலும்பின் மேல் அழுந்தக் கிடந்தது. கால்களின் மேல் இன்னொன்று. இடுப்பின் மேல் ஒரு திருகைக் கல். இது விழுந்த கல் இல்லை, வைத்த கல்.

"மேடம், இது என்னது?"

ரொடான்தி குழிக்குள் எட்டிப் பார்த்தாள். அவளுக்கு உற்சாகம் தாங்கவில்லை. "அடடா! அக்கா, இந்த ஆளைப் பார்த்து ஊரே பயந்திருக்கு. எழுந்து வந்துடக் கூடாதுன்னு கல்லைத் தூக்கி வச்சிருக்காங்க. பல்லைப் பார்த்தா இருபது, இருபத்தஞ்சு வயசுதான்." உடனே எல்லோருக்கும் கேட்கும்படி திரும்பினாள். "இதை ஒருத்தரும் வெறுங்கையால தொடாதீங்க. ஒரு பொட்டுத் தண்ணி படக்கூடாது. பல்லும் மண்ணும் அப்படியே பரிசோதனைக்குப் போகணும். புரியுதா?"

புரிந்தது. எல்லோருக்கும் புரிந்தது. பொலிக்ஸேனிக்கு வேறொன்றும் சேர்த்துப் புரிந்தது. தன் மகன் வயது. எவளோ ஒருத்தி, ஒரு வெயில் நாளில், வாய் தவறியிருக்கிறாள்.

மத்தியானம் எல்லோரும் தார்ப்பாய் நிழலில் ரொட்டியும் வெள்ளாட்டுப் பாலாடைக்கட்டியும் பிரித்து உட்கார்ந்தபோது அவள் போகவில்லை. அவித்த முட்டைக்குத் தொட்டுக்கொள்ள மடித்து வந்த உப்பு அவள் கையில் இருந்தது. எங்கள் பக்கத்தில் சாபத்தை எடுக்க ஒரே வழிதான். விட்டவளே உப்பைத் தண்ணீரில் கரைத்துத் தெளிக்க வேண்டும். அவள் தண்ணீர்க் குப்பியில் உப்பைக் கொட்டிக் குலுக்கினாள். மண்டியிட்டு, தலையிலிருந்து கால்வரை தெளித்தாள்.

"இந்த உப்பு கரையற மாதிரி உன் அம்மா சொன்னதும் கரையட்டும். அவளால வர முடியாது, ராசா. நான் அவளுக்காக வந்திருக்கேன்."

கால் மணி நேரத்தில் ரொடான்தி போட்ட கூச்சல் மேட்டின் அந்தப் பக்கத்து ஆட்டுக்காரனுக்கே கேட்டிருக்கும்.

"யாரு? யாரு தண்ணி ஊத்தினது? படிச்சுப் படிச்சுச் சொன்னேனே!"

பொலிக்ஸேனி மறைக்கவில்லை. மறைக்கத் தெம்பில்லை. "நான்தான் மேடம். உப்புத் தண்ணி."

"உப்பு வேறயா! ஏன்? ஏங்க இப்படிப் பண்ணினீங்க?"

அப்போதுதான் மூன்று வருஷமாகப் பல்லுக்குப் பின்னால் வைத்திருந்ததை அவள் சொன்னாள். முற்றம், இலை, ஜாக்கெட், அந்த வாக்கியம். சல்லடை நின்றது. சுமேலா மூன்று முறை சிலுவைக்குறி போட்டாள்.

"அடிப் பாவி! உன் மகன் குழியில ஊத்த வேண்டியதை எவனோ ஒருத்தனுக்கா ஊத்துவே?"

"அவன்கிட்ட போகப் பயமா இருக்குடி" என்றாள் பொலிக்ஸேனி. "ஊத்தியும் கரையலேன்னா? அப்புறம் நான் என்ன பண்ணுவேன்?"

ரொடான்திக்குக் கோபம் தணியவில்லை, ஆனால் குரல் இறங்கிவிட்டது. சிகரெட்டைப் பற்றவைக்க இரண்டு குச்சி ஆனது. "அக்கா, இந்த ஆளை நல்லாப் பாருங்க. மூணு கல்லு வச்சாங்க. மண்ணு மத்தவங்களைத் தின்ன மாதிரியே இவனையும் தின்னுடுச்சு. பயந்தது அவங்கதான். இவன் பாட்டுக்குப் படுத்திருந்தான்."

"இவனுக்கு இரண்டாயிரம் வருஷம் ஆச்சு, மேடம். என் பிள்ளைக்கு மூணுதான் ஆச்சு."

ரொடான்தி சிகரெட்டைக் காலால் நசுக்கினாள். "சல்லடைக்குப் போங்க" என்று மட்டும் சொன்னாள். அவளை வேலையைவிட்டு அனுப்பாதது பெரிய விஷயம்.

சாயங்காலத்துக்குள் ஊர் முழுக்கத் தெரிந்துவிட்டது. சுமேலாவை மட்டும் குறைசொல்லக் கூடாது; சல்லடையில் இன்னும் நாலு பேர் இருந்தார்கள். ரொட்டிக் கடையில் பேச்சு நின்றது, அவள் வெளியே வந்ததும் தொடர்ந்தது. "சனிக்கிழமை வரைக்கும் பிள்ளைங்களை அந்தப் பக்கம் விடாதீங்க" என்று ஒருத்தி உரக்கச் சொன்னாள், அவள் காதில் விழ வேண்டும் என்றே. இதுவரை அவள் பயந்தது ஒரு குழிக்கு. இப்போது அதைச் சுற்றி நிற்கப்போகிற நூறு கண்களுக்கும் சேர்த்துப் பயந்தாள்.

காப்பிக் கடையிலிருந்து ஆர்கிரிஸ் சீக்கிரமே திரும்பினார். தொப்பியைக் கழற்றாமல் நின்றார்.

"சொன்னியா அப்படி?"

"சொன்னேன்."

அவர் நாற்காலியில் உட்கார்ந்தார். "நானும் எவ்வளவோ திட்டியிருக்கேன் அவனை. ஒண்ணும் அர்த்தமில்லை அதுக்கு" என்றார். பிறகு, "பொலிக்ஸேனி, பெட்டி மூடறப்போ நான் அவனுக்கு..." என்று ஆரம்பித்து, அவள் முகத்தைப் பார்த்து நிறுத்திக்கொண்டு, விறகு வெட்டப் போய்விட்டார். அப்போதே சொல்லித் தொலைத்திருக்கலாம். எங்கள் ஊர் ஆண்களுக்கு விறகு வெட்டுவதுதான் பேச்சு.

சனிக்கிழமை காலையில் தூறல் விட்டிருந்தது. மண் கரும்பழுப்பாக, கனமாக இருந்தது. வழக்கமாகப் பத்துப் பேர் வருகிற காரியத்துக்கு அன்று ஊரே வந்தது. செத்தவர் பேரில் எல்லோருக்கும் கொடுக்கிற, சர்க்கரை தூவிய வேகவைத்த கோதுமைத் தட்டு ஒருபுறம், ஒயின் குப்பியும் வெள்ளைத் துணியும் மரப்பெட்டியும் மறுபுறம். ரொடான்தியும் வந்து கடைசி வரிசையில் சைப்ரஸ் மரத்தடியில் நின்றாள். பொலிக்ஸேனி குழியோரத்தில் நின்றாள். வெட்டியது தேவாலயப் பணியாள் பெத்ரோஸ்.

மக்கிய பலகை உடைந்தது. பெத்ரோஸ் கையால் மண்ணைத் தள்ளினான். பிறகு மண்வெட்டியைப் போட்டுவிட்டு, குழியின் சுவரில் முதுகு இடிக்கப் பின்னால் நகர்ந்தான்.

சிவப்பு.

கழுத்துவரை ஜிப் போட்ட சிவப்பு. மார்பு உப்பலாக, தோள் தோளாக, கைகள் கைகளாக, ஒரு சுருக்கம்கூடக் குலையாமல். மண் மூடிய தலைப்பக்கம் மட்டும் தெரியவில்லை. ஒரு முழு இளைஞன் மல்லாந்து படுத்திருந்தான்.

"கரையலை!" என்று யாரோ கத்தினார்கள். பெண்கள் கூட்டம் அலைபோல் பின்வாங்கியது. கோதுமைத் தட்டு கவிழ்ந்தது. சுமேலா, "அம்மா மாதாவே, அப்படியே இருக்கானே" என்று வாயில் தலைத்துணியை அடைத்துக்கொண்டாள்.

லூக்காஸ் சாமியாரும் ஓரடி பின்வாங்கினார். ஆனாலும் நல்ல மனிதர். அவளருகில் குனிந்து மெல்லச் சொன்னார்: "மூடிடலாம்மா. இன்னும் ரெண்டு வருஷம் விடுவோம். நான் தினம் ஜெபம் படிக்கிறேன்."

மூடிடலாம். இத்தனை நாள் அவள் கேட்டது அதைத்தானே? இன்னும் இரண்டு வருஷம் பார்க்காமல் இருக்கலாம். அவளுக்குள் இருந்த பயம் முழுவதும் எழுந்து நின்று, ஆமாம் சொல், ஆமாம் சொல் என்றது. அவள் வாயைத் திறந்தாள். கண் மட்டும் அந்த ஜாக்கெட்டைவிட்டு வரவில்லை. இதைத்தானே மூன்று வருஷமாக வீடெல்லாம் தேடினாள்? போலீஸ்காரர்கள் வைத்துக்கொண்டுவிட்டார்கள் என்று நினைத்தாளே?

"நான்தான் போட்டுவிட்டேன்" என்றார் ஆர்கிரிஸ், கூட்டத்தை விலக்கிக்கொண்டு வந்து. "உடம்பு... உடம்பு சிதைஞ்சிருந்தது. இதைப் போட்டு ஜிப்பை இழுத்தா ஒண்ணாச் சேர்ந்து இருக்கும்னு போட்டேன்."

ஜாக்கெட்டும் நைலான். நைலானை மண் தொடாது. உரமூட்டை. நாய். அது ஆறுதலாக வரவில்லை, ஒரு சின்ன இடைவெளியாக வந்தது. அந்த இடைவெளியில் அவள் குழிக்குள் இறங்கிவிட்டாள். மேலே யாரோ அவள் கையைப் பிடித்து இழுத்தார்கள், உதறினாள். பின்வரிசையிலிருந்து ரொடான்தி முண்டிக்கொண்டு வந்து, ஒரு வார்த்தை பேசாமல் தன் பையிலிருந்த தூரிகையைக் கீழே நீட்டினாள்.

ஜிப்பின் இரும்பு நாக்கு துருவேறி ஒட்டிப்போயிருந்தது. பொலிக்ஸேனி எச்சிலைத் தொட்டு நனைத்தாள், நகத்தால் சுரண்டினாள். "நான் சொன்னது பொய்டா" என்று முணுமுணுத்தாள். "வெயில்ல சொன்னது. அசதியில சொன்னது." அது அசைந்தது. ஒரு விரல்கடை. இன்னொன்று. அவள் கண்களை மூடிக்கொண்டு மீதியை இழுத்தாள். கையை உள்ளே விட்டாள். குளிர்ச்சியாக, உலர்ந்து, லேசாக எதுவோ விரலில் தட்டியது. அந்த வளைவு அவளுக்குத் தெரியும். எத்தனை பேருடையதைக் கழுவியிருக்கிறாள். கண்ணைத் திறந்தாள்.

விலா எலும்புகள். கோதுமை நிறத்தில், ஒரு கறையில்லாமல். ஜாக்கெட்டின் செயற்கைப் பஞ்சுப்பட்டைதான் உப்பி நின்றது. உள்ளே அவள் மகனை மண் பதமாகத் தின்று முடித்திருந்தது.

ஒன்றை உயர்த்திக் காட்டினாள். மேலே ஒரு பெரிய மூச்சு விடப்பட்டது. "தங்கமாட்டம் இருக்கு! கரைஞ்சுட்டான், மன்னிப்புக் கிடைச்சாச்சு!" சுமேலா ஓவென்று அழுதாள். ரொட்டிக் கடையில் உரக்கப் பேசினவளும் அழுதாள். சாமியார் உற்சாகமாகப் பாட ஆரம்பித்தார்.

பொலிக்ஸேனி தலைப்பக்கத்து மண்ணைத் தூரிகையால் நீக்கினாள். மண்டையோட்டை இரு கைகளிலும் எடுத்து, ஒயினில் கழுவி, நெற்றியில் முத்தமிட்டாள். அவளுக்குச் சந்தோஷம்தான், சத்தியமாக. ஒரு சிலுவைக்குறி போடுகிற நேரம் அந்தச் சந்தோஷம் இருந்தது. பிறகு முகம் மாறியது. அவள் குனிந்து அவனிடம் பேசியது பெத்ரோஸுக்கு மட்டும்தான் கேட்டது. அவன் அதை ரொம்ப நாள் யாரிடமும் சொல்லவில்லை.

"தின்னுடுச்சா உன்னை? அப்போ நீ வர மாட்டே."

பெட்டியில் எலும்புகளை ஒன்றுவிடாமல் அடுக்கினாள். சுண்டுவிரல்கூடத் தவறவில்லை. ஜாக்கெட்டை உதறி, மடித்து, ஆர்கிரிஸ் கையில் கொடுத்தாள். எல்லோரும் ஒயின் குடித்து, மிஞ்சிய கோதுமையைத் தின்று, அவளைக் கட்டிப்பிடித்து, ஆண்டவன் அவனுக்கு இளைப்பாறுதல் தரட்டும் என்று சொல்லிக் கலைந்தார்கள்.

மத்தியானம் வீட்டுக்கு வந்ததும் அவள் கைகால் கழுவினாள். தெருவில் ஒரு மோட்டார் சைக்கிள் போயிற்று. அவள் நடுங்கவில்லை. அது பாலத்துப் பக்கம் தேய்ந்து மறைகிறவரை நின்று கேட்டாள். பிறகு போய், மூன்று வருஷத்துக்குப் பிறகு முதல்முறையாக, கதவைத் தாழ்ப்பாள் போட்டாள்.